பிளைவீலைக் கடையச் சொல்லும் முன்

போன ஆடி மாதம் ஒரு பையன் பழைய புல்லட் 350 ஒன்றைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். வலது கணுக்காலில் கட்டு. "அண்ணே, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது. கிக்கர் அடிச்சா திருப்பி உதைக்குது" என்றான். கார்புரேட்டரை மூன்று பேர் கழற்றிப் பார்த்தாயிற்று, ஸ்பார்க் கொடுக்கும் பாயின்ட் புதுசு, டைமிங்கும் சரி. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். கம்ப்ரஷனைத் தாண்டியதும் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) தன்பாட்டுக்கு ஒரு சுற்றாவது ஓட வேண்டும். இதுவோ தாண்டிய இடத்திலேயே சோர்ந்து நின்றது.

எஞ்சினைப் பிரித்ததும் விஷயம் தெரிந்தது. பிளைவீல் என்பது கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம். எடை குறைக்க லேத்தில் சீவியதில் இரண்டு பிளைவீல்களின் விளிம்பும் புதுக் கடைசலில் பளபளவென்று மின்னின. பேலன்ஸுக்காகப் போட்டிருந்த துளை ஒன்றுக்கும் விளிம்புக்கும் நடுவே நகத்தின் கனம்தான் மிச்சம். "பிக்கப் கூடும்னு சொன்னாங்கண்ணே" என்றான். யார் சொன்னது, யார் கடைந்தது என்று நான் கேட்கவில்லை. இப்படி வருகிற வண்டிகளில் இது முதலாவதும் இல்லை.

புல்லட் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரே ஒரு தடவைதான் வெடிப்பு. ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே 0.2 விநாடி. அதற்குள் புகையை வெளியே தள்ளி, புதுக் காற்றை இழுத்து, அதை அழுத்தவும் வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் கூலி கொடுப்பது பிளைவீல் சேமித்து வைத்திருக்கும் சக்திதான். அந்தச் சக்தி சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3,000 சுற்றில் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் 600-ல் இருக்கும். அதனால் எடை குறைந்த பிளைவீல் மேல் வேகத்தில் எப்படியோ சமாளித்துவிடும். சிக்னலில், ஏற்றத்தில், நெரிசலில்தான் காலை வாரும். கிக்கரிலும் அதே கதை. பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் விழுந்து எரிய ஆரம்பித்துவிடும். பிஸ்டனை மேட்டைத் தாண்டிக் கொண்டுபோக பிளைவீலில் வேகம் இல்லையென்றால் அது பின்னால் திரும்பும், உதை உங்கள் காலுக்கு.

"கொஞ்சம்தானே கடைந்தோம்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரே கனமுள்ள வட்டுத் தகட்டில் ஆரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எடை 19 சதவீதம் குறைகிறது. சுழற்சியை விடாமல் பிடித்து வைக்கும் சுழல் நிலைமமோ 34 சதவீதம் போய்விடுகிறது. மையத்திலிருந்து தள்ளி இருக்கும் இரும்புக்குத்தான் மதிப்பு அதிகம். லேத்தில் வாகாகக் கிடைப்பதும் அந்த விளிம்புதான்.

சரி, பிக்கப் கூடுகிறதா? கூடுகிறது, பொய் சொல்லக் கூடாது. நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வ்ரூம் என்று ஏறும். முதல் கியரிலும் வித்தியாசம் தெரியும். ஆனால் வண்டியை முடுக்கும்போது பிளைவீல் எவ்வளவு பாரமாகத் தெரியும் என்பது கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பழைய நாலு கியர் பெட்டியில் ஒன்றாம் கியரின் விகிதம் டாப் கியரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு, அதாவது பாரம் எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனவே ஒன்றிலும் இரண்டிலும் கிடைக்கும் சுறுசுறுப்பு மூன்றில் மங்கி, டாப்பில் காணாமல் போய்விடும். எஞ்சினின் உச்ச சக்தியில் ஒரு துளிகூடக் கூடியிருக்காது. 18 குதிரைத்திறன் 18-ஆகவே இருக்கும்.

இதனால் லேசான பிளைவீலே தப்பு என்று சொல்லவில்லை. ரேஸ் வண்டி எந்நேரமும் மேல் சுற்றிலேயே ஓடுகிறது. கியர் மாற்றும்போது சுற்று சட்டென்று இறங்கினால்தான் அதற்கு லாபம், ஸ்லோவில் நிற்குமா என்ற கவலை அங்கே கிடையாது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு உண்டு. யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி 98 சிசி எஞ்சின் சின்ன பிளைவீலோடு திருப்தியாக ஓடுவது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் பையன்கள் புல்லட்டிலும் அதே வித்தையைச் செய்யக் கிளம்புகிறார்கள்.

எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. பாறையும் சேறுமான பாதையில் கால் ஊன்றாமல் ஏறும் டிரயல்ஸ் போட்டிக்குக் கனமான பிளைவீல்தான் வேண்டும். சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு வெடிப்பையும் அது மழுக்கி, டயர் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். 1952-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயல்ஸை ஜானி பிரிட்டன் ஜெயித்தது 350 புல்லட்டில். இன்றும் காட்டுப் பாதையில் ஓட்டுகிற பலர் தங்கள் மோட்டோகிராஸ் வண்டிக்குக் காசு கொடுத்துக் கூடுதல் பிளைவீல் எடை வாங்கி மாட்டுகிறார்கள். நாம் காசு கொடுத்துச் சீவி எறிகிறோம்.

நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பழைய பிளைவீல்கள் பலவும் வார்ப்பிரும்பு. சுழற்சி வேகம் இரட்டிப்பானால் விளிம்பைப் பிய்க்கும் விசை நாலு மடங்காகும். முழு வட்டமான வீலைச் சுற்றிலும் ஒரே சீராகக் கடைந்தால் பேலன்ஸ் கெடாது என்பது கணக்குக்குச் சரி. ஆனால் கடைசல் துளைக்குள் புகுந்தால், அல்லது எதிர் எடை இருக்கும் பக்கவாட்டில் கை வைத்தால், கெட்டது. விரிசலும் மெலிந்த அந்த ஓரத்தில்தான் தொடங்கும். உள்ளே ஓடும்போது உடைந்தால் கிராங்க்கேஸோடு போகும். மேலே உங்கள் கால் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடைந்த பிறகு கிராங்க்கை மறுபடி கோத்து, டயல் கேஜ் வைத்து ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று, பார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் வரும்வரை நான் விடுவதில்லை. அந்தப் பையனின் கிராங்க் ஆறு காட்டியது.

கனமான பிளைவீலுக்கும் ஒரு ஆபத்து உண்டு, அது ஓட்டுபவரின் ஆசையால் வருவது. "டுக்... டுக்... டுக்" என்று எண்ணும்படி ஸ்லோவை இறக்கி வைக்கச் சொல்வார்கள். கனமான பிளைவீல் அதற்கும் ஈடுகொடுத்து ஓடும். ஆனால் ஆயில் பம்பும் அதே எஞ்சினால்தானே சுற்றுகிறது? அந்த வேகத்தில் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கில் மாட்டும் பேரிங்குக்கு, போகும் ஆயில் போதாது. சத்தத்துக்காக பிக் எண்டைக் காவு கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிக்கப் வேண்டுமென்றால் முதலில் வால்வு சீட்டிங், கம்ப்ரஷன், டைமிங், வேகத்துக்கேற்ப ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் யூனிட், காற்று வடிகட்டி இவற்றைப் பாருங்கள். பாதி வண்டியில் வேலை அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மேல் வேண்டுமா, கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுங்கள். மேல் வேகம் கொஞ்சம் குறையும், இழுவை எல்லாக் கியரிலும் கூடும். பிடிக்கவில்லையென்றால் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கடைந்த இரும்பை அப்படி ஒட்ட முடியாது.

அந்தப் பையனுக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து கடையாத ஜோடி ஒன்றைப் பிடித்தோம். புது கிராங்க் பின் போட்டுக் கோத்தேன். முதல் உதையில் எடுத்தது, அதுவும் கட்டுப் போட்ட காலால். சீவிய ஜோடி என் பட்டறை வாசலில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. யாராவது வந்து "அண்ணே, பிளைவீல லேசா கடைஞ்சு குடுங்க" என்றால் அதை எடுத்துக் கையில் கொடுத்து, அந்தத் துளை ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.