பெரியவர்களின் கண்ணைப் பார்க்கும் முன் மாத்திரைப் பையைப் பாருங்கள்

கண் மருத்துவத்தில் எம்.எஸ். படிப்பு மூன்று வருடம். தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் கற்றுக்கொள்ள வாய்ப்பு நிறையவே உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். இப்படிப்பட்ட இடங்கள் உள்ள மாநிலத்தில் மாணவர்களுக்குக் கை பழகிவிடும். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்பதற்குத்தான் அவர்களைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

ஓ.பி.யில் என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஐயா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான். "சுகர், பிரஷர் சார்" என்று பதில் வரும். அது போதாது. அறுபது வயதைத் தாண்டிய பல ஆண்கள் புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. சம்பந்தம் இருக்கிறது. கண்மணியை விரிக்கும் தசையையும் அது தளர்த்திவிடும். கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே கண்மணி சுருங்கும், அதைச் சுற்றியுள்ள கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொளதொளவென்று அலையும். சாங், கேம்பல் என்ற இரு மருத்துவர்கள் 2005-ல் இதை விவரித்து எழுதினார்கள். முன்பே தெரிந்தால் சர்ஜன் கண்மணியை விரித்துப் பிடிக்கும் வளையத்தையோ கொக்கியையோ தயாராக வைத்துக்கொள்வார், வேலை நல்லபடியாக முடியும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினாலும் அந்தத் தளர்ச்சி முழுதாகப் போய்விடாது. சர்ஜனிடம் சொன்னால் போதும்.

இதையே மறுபக்கமும் பார்க்க வேண்டும். கண்ணில் விடுகிற சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கிளாக்கோமாவுக்கு, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்க்கு, தரும் டைமோலால் (timolol) சொட்டு கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலாம். நாடித்துடிப்பு குறைந்து தலைசுற்றலாம். கண்ணில் சொட்டு விட ஆரம்பித்தபின் பாட்டி அடிக்கடி தள்ளாடுகிறார் என்றால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போவது குறையும்.

இன்னொரு கேள்வியைக் கேட்க மாணவர்கள் தயங்குவார்கள். "இல்லாத ஆட்கள், பூக்கள், சின்னச் சின்ன உருவங்கள் ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதாம்மா?" விழித்திரை நடுப்பகுதி தேய்ந்தோ கிளாக்கோமாவாலோ பார்வை வெகுவாகக் குறைந்த பெரியவர்கள் சிலருக்கு இப்படித் தெரியும். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தானாகக் காட்சிகளை உருவாக்குகிறது. 1760-ல் சார்லஸ் பொனே என்ற சுவிட்சர்லாந்து இயற்கை ஆய்வாளர் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்ததால் பொனேயின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலும் சத்தம் கேட்காது, உருவம் மட்டும்தான். பார்ப்பவருக்கும் அது நிஜமில்லை என்று தெரியும். ஆனாலும் மருமகள் முன்னால் சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ, பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்களோ என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் கூட வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இதைக் கேட்கச் சொல்கிறேன். "இது பைத்தியம் இல்லைம்மா, பார்வை குறைந்ததால் வருவது" என்று கேட்டதும் சிலர் அழுதுவிடுகிறார்கள். எத்தனை மாதம் தனியாகச் சுமந்தார்களோ! அந்த உருவங்களை நிஜமென்றே நம்பினாலோ, குரல்களும் கேட்டாலோ காரணம் வேறாக இருக்கலாம், அதற்கு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கையைப் பார்க்கச் சொல்வேன். விரல் நடுங்குகிறவருக்கும் மூட்டுவாதம் உள்ளவருக்கும் மூன்று வேளைச் சொட்டு எழுதிக் கொடுத்தால் பாதி கன்னத்தில்தான் விழும். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, ஆகவே இது சின்ன விஷயமில்லை. எங்கள் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்கிறோம். முடியவில்லையென்றால் வீட்டில் யார் விடுவார் என்று விசாரித்து, அவர் வேலைக்குப் போகும் நேரத்தையும் கேட்டு, தினம் ஒரே வேளை விடும் மருந்தாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம்.

அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ கண் பரிசோதனைக்கு அழைத்து வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், வீட்டில் விடும் சொட்டு பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்தும் கடையில் நீங்களே வாங்கிய சொட்டும் அதில் சேர்த்திதான்.