வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

போன ஞாயிறு சாயங்காலம் ஒரு கார் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக என் கடைக்கு வந்து நின்றது. தனுஷ்கோடி பார்த்துவிட்டு மதுரை திரும்பிய குடும்பம். உச்சிப்புளி தாண்டியதும் பின்டயர் வெடித்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலப் புதரில் போய் நின்றிருக்கிறது. பையனுக்கு நெற்றியில் மூன்று தையல். ராமநாதபுரத்தில் பத்தொன்பது வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் இப்படி வந்த நான்காவது வண்டி இது.

வெடித்த டயரைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட, அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி அரைபட்டு உதிர்ந்த ரப்பர் அது. அந்தத் தூளைப் பார்த்தாலே எங்களுக்குக் கதை புரிந்துவிடும்.

அரிச்சல்முனை ரோட்டோரம் மணலில் வண்டி புதைந்திருக்கிறது. நான்கு டயரிலும் காற்றை இறக்கி வெளியே எடுத்திருக்கிறார்கள். அது சரியான வேலைதான், நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் திரும்ப ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெயில் காலம்தானே அண்ணே, காத்து கம்மியா இருந்தா வெடிக்காதுல்ல?" என்றார் வண்டி ஓட்டி வந்தவர்.

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். சூட்டில் காற்று விரியும் என்பது உண்மை. எவ்வளவு விரியும்? காலையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்த டயர், மே மாத வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் 37, 38 காட்டும். அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் பாருங்கள், 44 என்றோ 51 என்றோ அதிகபட்ச அளவு அச்சிட்டிருக்கும். சூட்டில் ஏறும் அந்த நான்கைந்து பி.எஸ்.ஐ.யையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரன் 33 என்று சொல்கிறான். நீங்கள் 25 வைத்தால் டயர் குளிர்ச்சியாக இருக்காது. சப்பையாக உட்கார்ந்து, அதிகமாக மடங்கி, 33 வைத்ததைவிட அதிகமாகச் சூடாகும். பயந்து குறைத்த காற்றே டயரை வெடிக்க வைக்கும்.

இன்னொரு கூட்டம் 51 என்று அச்சிட்டிருக்கிறதே, அதையே வையுங்கள் என்று நிற்கும். அது டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. ஆள், சாமான் நிறைய ஏற்றினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். ராமேஸ்வரத்துக்கு ஐந்து பேர் பெட்டியோடு வரும்போது அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் 38 காட்டுகிறதே என்று திறந்துவிடாதீர்கள். மறுநாள் காலை அது 28 ஆகியிருக்கும். நைட்ரஜன் போட்டிருக்கிறோம், பார்க்கத் தேவையில்லை என்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதுவும் கசியும்.

நம் பக்கத்தில் கசிய வழி அதிகம். சீமைக்கருவேல முள் டியூப்லெஸ் டயரில் ஏறினால் உடனே தெரியாது. இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கீழக்கரை, தொண்டி, மண்டபம் வண்டிகளில் உப்புக் காற்று ரிம்மை அரித்து, டயர் உட்காரும் விளிம்பிலேயே காற்று போகும். வால்வு மூடி இல்லாமல் வருகிறவர்களை நான் திட்டாமல் அனுப்பியதே இல்லை. ஸ்டெப்னியையும் பாருங்கள், ஐயா. அன்று வந்த வண்டியின் ஸ்டெப்னியில் 14தான் இருந்தது.

கடற்கரை மணலுக்குப் போகிறவர்கள் சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையா, காற்று இறக்கிய வண்டியை மெதுவாகவே உருட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வாருங்கள். முதலில் கண்ணில் படும் டயர் கடையில் காற்றை ஏற்றிவிட்டு, அப்புறம் பாம்பன் பாலம் ஏறுங்கள்.