ஒரே நேரத்தில் இருவர்: க்விஸ்அப் எப்படி இயங்கியது?

2013 நவம்பர் 7 அன்று ஐபோனுக்கு வந்த க்விஸ்அப் விளையாட்டின் விதிகளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பிடித்த தலைப்பைத் தொட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எதிராளியாக வருவார். இருவருக்கும் அதே 7 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 10 விநாடி அவகாசம். சரியான விடைக்கு அதிகபட்சம் 20 புள்ளி. யோசிக்க யோசிக்க அது குறைந்துகொண்டே வரும். கடைசிக் கேள்விக்கு இரட்டிப்பு. ஆக ஓர் ஆட்டத்தில் 160 புள்ளிக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் தோர் ஃப்ரித்ரிக்சன் தொடங்கிய பிளெயின் வெனிலா கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. ஒரு மாதத்துக்குள் விளையாடுபவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த டிசம்பரிலேயே செக்கோயா கேபிட்டல், டென்சென்ட் போன்ற முதலீட்டாளர்கள் 2.2 கோடி டாலர் கொடுத்தார்கள். 2015 மே மாதம் இது முழுமையான சமூக வலைத்தளமாகவே மாற்றப்பட்டது: ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் உரையாடல் தளம், ஒத்த ஆர்வமுள்ளவர்களைத் தேடும் வசதி. 2021 மார்ச்சில் விளையாட்டை இயக்கிய மையக் கணினிகளான சர்வர்கள் நிறுத்தப்பட்டன. இன்று யாராலும் அதை விளையாட முடியாது.

வினாடி வினா பழைய பொழுதுபோக்குதான். முகம் தெரியாத ஒருவர் இதே கேள்வியை இதே நொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வுதான் இதன் உயிர். திரையின் ஓரத்தில் எதிராளியின் புள்ளிப் பட்டை சட்டென்று உயரும்போது வரும் படபடப்பு அதிலிருந்து பிறந்தது. ஆனால் தொலைவில் இருக்கும் இரண்டு கைபேசிகளுக்கு ‘இதே நொடி’ என்று ஒன்று தானாகக் கிடைப்பதில்லை. அதை உருவாக்கித்தான் தர வேண்டும்.

முதல் தடை இயற்பியல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வெற்றிடத்தில் செல்லும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ரெய்க்யாவிக்கிலிருந்து சிட்னி நேர்கோட்டில் ஏறத்தாழ 16,500 கிலோமீட்டர். ஒரு சேதி போய்த் திரும்ப குறைந்தது 165 மில்லி விநாடி ஆகும். கண்ணாடி இழை வழியே போகும்வரை இது எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாத எல்லை. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் பல சாதனங்கள் சேதியை வாங்கிக் கைமாற்றுகின்றன. கடைசியில் கைபேசிக் கோபுரத்திலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் கால் விநாடி, அரை விநாடிகூட ஆகலாம். அதைவிடப் பெரிய தொல்லை, இந்தத் தாமதம் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி இருப்பது. ஒளி மின்னியதும் விரலால் தொடு என்றால் மனிதருக்குச் சுமார் கால் விநாடி தேவைப்படுகிறது. வலையமைப்பின் தாமதமும் மனிதரின் வேகமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. சேதி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து மட்டும் புள்ளி போட்டால், போட்டி அறிவுக்கும் விரைவுக்கும் நடக்காது. யாருடைய இணைப்பு நல்லது என்பதற்கு நடக்கும்.

இதற்கு ஒரு வழி, இரண்டு கைபேசிகளின் கடிகாரங்களையும் சர்வரின் கடிகாரத்தோடு பொருத்துவது. 1989இல் ஃப்ளாவியு கிறிஸ்டியன் என்ற கணினி அறிஞர் விவரித்த முறை இதற்கு அடிப்படை. கைபேசி ‘இப்போது மணி என்ன?’ என்று கேட்கிறது. பதில் வர 120 மில்லி விநாடி ஆனது என்றால், அதில் பாதி திரும்பும் வழியில் கழிந்திருக்கும் என்று கொண்டு, சர்வர் சொன்ன நேரத்தோடு 60 மில்லி விநாடியைக் கூட்டிக்கொள்கிறது. போன வழியும் வந்த வழியும் சமமாக இருந்தால் கணக்கு துல்லியம். இல்லாவிட்டாலும் பிழை 60 மில்லி விநாடியைத் தாண்டாது. பலமுறை கேட்டு, மிக விரைவாக வந்த பதிலை வைத்துக்கொண்டால் பிழை இன்னும் சுருங்கும்.

இன்னொரு வழி எளிது, பெரும்பாலும் இதுவே போதும். கேள்வி திரையில் தோன்றிய கணத்திலிருந்து விரல் தொட்ட கணம் வரை எவ்வளவு நேரம் என்று கைபேசியே அளந்து அனுப்பிவிடலாம். அப்போது வலையமைப்பின் தாமதம் கணக்கிலேயே வராது. 7 கேள்விகளையும் படங்களையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் நடுவில் காத்திருக்கவும் வேண்டாம். இவ்வகை விளையாட்டுகளில் ஆட்டம் தொடங்கும் முன் இருவரின் படமும் பெயரும் எதிரெதிரே வந்து நிற்கும் அந்தச் சில விநாடிக் காட்சி வெறும் அலங்காரமல்ல. அதன் பின்னால் கேள்விகள் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் கைபேசி சொல்வதை அப்படியே நம்பினால் ஏமாற்றுபவருக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். 0.8 விநாடியில் விடை சொன்னேன் என்று மாற்றப்பட்ட செயலி பொய் சொல்லலாம். அதனால் சர்வர் தன் பக்கத்திலும் ஒரு கணக்கு வைத்திருக்கும். கேள்வி போனதற்கும் விடை வந்ததற்கும் இடையே 6 விநாடி, அந்த இணைப்பின் வழக்கமான தாமதம் 0.2 விநாடி என்றால், 0.8 என்ற எண் ஐயத்துக்குரியது. ஒருமுறை நடந்தால் கோபுரம் மாறியிருக்கலாம் என்று விட்டுவிடலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் நடந்தால் அது வேறு.

விடையை எங்கே வைப்பது என்பது இதைவிடச் சுவையான சிக்கல். தொட்டவுடன் பச்சையோ சிவப்போ ஒளிர வேண்டும் என்றால் சரியான விடை கைபேசியிலேயே இருக்க வேண்டும். இருந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். விடையை ‘ஹாஷ்’ எனப்படும் ஒருவழிக் குறியீடாக மாற்றி அனுப்பலாமே என்று தோன்றும். அது உதவாது. நான்கே விடைகள்தான், நான்கையும் அதே முறையில் குறியீடாக்கி எது பொருந்துகிறது என்று பார்க்க ஒரு மில்லி விநாடி போதும். நம்பத்தக்க வழி, தேர்வு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகே சரியான விடையைத் திருப்பி அனுப்புவதுதான். அதன் விலை, ஒளிர்வதற்கு முன் ஒரு சிறிய இடைவெளி. அந்த இடைவெளியைப் பதற்றமாக மாற்றிவிட்டால் விளையாடுபவருக்கு அது குறையாகவே தெரியாது.

கேள்விகளின் பக்கம் வந்தால் கணிதம் கொஞ்சம் கொடுமையானது. ஒரு தலைப்பில் 1000 கேள்விகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 7. பார்த்த கேள்வி மீண்டும் வர எத்தனை ஆட்டம் ஆகும்? நூறு ஆட்டத்துக்கு மேல் என்றுதான் முதலில் தோன்றும். எந்த ஒழுங்கும் இல்லாமல் குருட்டாம்போக்கில் எடுத்தால், ஆறாவது ஆட்டம் முடிவதற்குள் ஏதாவது ஒரு கேள்வி மறுபடி வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டுகிறதே, அதே கணக்குதான். அதனால் ஒவ்வொருவரும் பார்த்த கேள்விகளைச் சர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேருமே பார்க்காதவற்றிலிருந்து 7ஐப் பொறுக்க வேண்டும். தீவிர ஆட்டக்காரர்கள் இருவர் மோதினால் அப்படிப்பட்ட கேள்விகள் விரைவில் தீர்ந்துபோகும். புதிய கேள்விகளுக்கான பசி அடங்கவே அடங்காது. 2015இல் விளையாடுபவர்களே தலைப்புகளை உருவாக்கிக் கேள்வி எழுத க்விஸ்அப் வழிவிட்டது. அந்தப் பசிக்கு வேறு எதுவும் ஈடுகொடுத்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆயிரக்கணக்கானோர் எழுதும் கேள்விகளை யார் சரிபார்ப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். கேள்வியின் கடினத்தையும் மனிதரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். சரியாகச் சொல்லும் வாய்ப்பு அந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பொறுத்தது என்பது அதன் சாரம். நான்கு விடைகள் கொண்ட கேள்வியில் எதுவும் தெரியாதவரும் 25 சதவீதம் சரியாகத் தொட்டுவிடுவார்; அதற்கும் பின்னர் வந்தவர்கள் இடம் ஒதுக்கினார்கள். ஒரு கேள்வியைச் சில நூறு பேர் விளையாடினாலே அதன் கடினம் தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியும். திறமையானவர்கள் அதிகமாகவும் புதியவர்கள் குறைவாகவும் தவறவிடும் கேள்வி ஒன்று இருந்தால், அந்தக் கேள்வியில்தான் கோளாறு. பெரும்பாலும் விடையே தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். எந்த நிபுணரும் பார்க்காமலே, விளையாடுபவர்களின் விரல்கள் பிழை திருத்திவிடுகின்றன. பள்ளித் தேர்வுகளுக்கு உருவான கணிதம் பொழுதுபோக்கு விளையாட்டில் இப்படிப் பயன்படுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

இருவர் மோதும் ஆட்டத்தில் இவ்வளவு என்றால், லட்சக்கணக்கானோர் ஒரே கேள்வியைப் பார்க்கும் ஆட்டத்தில்? 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் வந்த எச்கியூ ட்ரிவியா அந்த வகை. தொகுப்பாளர் நேரலையில் கேள்வியை வாசிப்பார், மூன்று விடைகள், 10 விநாடி, தவறினால் வெளியே. 12 கேள்விகளையும் தாண்டியவர்கள் பரிசைப் பங்கிட்டுக்கொள்வார்கள். 2018 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்? மூன்றைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 5,31,441. ஆக சுமார் நான்கு பேர் எதுவும் தெரியாமலே வென்றிருப்பார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் அதிர்ஷ்டமும் ஒரு திறமைபோல் தோற்றமளிக்கும்.

23 லட்சம் விடைகள் நான்கைந்து விநாடிக்குள் வந்து விழுந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5 லட்சம். ஒரே கணினி தாங்காது. தேர்தலில் ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியே எண்ணி மொத்தத்தை மட்டும் மேலே அனுப்புவதுபோல, பல சர்வர்கள் தத்தம் பங்கை எண்ணிக் கூட்டுத்தொகையை மட்டும் அனுப்பினால் வேலை நடக்கும். காணொலியும் ஒரு சிக்கல். சாதாரண நேரலை ஒவ்வொரு கைபேசிக்கும் வெவ்வேறு விநாடி தாமதமாகப் போகிறது. கேள்வியைத் தனியே நேராக அனுப்பினால், தொகுப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே அது சிலர் திரையில் வந்து நிற்கும். காணொலிக்குள்ளேயே ஒரு நேரக் குறியை வைத்து, அந்தக் குறி வரும்போது கேள்வியைக் காட்டுவது ஒரு தீர்வு. இங்கும் பாருங்கள், ஒரே நேரம் என்பது உண்மையில் பலருடைய தனித்தனி நேரம்.

மீண்டும் க்விஸ்அப். இது ஏன் நிலைக்கவில்லை என்பதற்குத் தொழில் காரணங்கள் உண்டு. விளம்பரத்தால் வந்த வருமானம் போதவில்லை. இந்த விளையாட்டை வைத்து அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வரவிருந்த நிகழ்ச்சி 2016இல் கைவிடப்பட்டது. ரெய்க்யாவிக் அலுவலகம் மூடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் க்ளூ மொபைல் நிறுவனம் விளையாட்டை வாங்கியது. ஆனால் பணம் தவிர இன்னொரு காரணம் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. 500 தலைப்புகள் இருக்க, நிமிடத்துக்கு 500 பேர் வந்து சமமாகப் பிரிந்தால், ஒரு தலைப்புக்கு நிமிடத்துக்கு ஒருவர்தான். முதலில் வருபவர் எதிராளிக்காகச் சராசரியாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டம் பாதியானால் இரண்டு நிமிடம். அதற்குள் பொறுமை இழந்து வெளியேறுபவர், அடுத்து வருபவருக்கு எதிராளியாகக் கிடைக்க மாட்டார். அதனால் காத்திருப்பு இன்னும் நீளும். ஒருமுறை சரியத் தொடங்கினால் சரிவு தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும்.

இதற்கு மருந்தாக இவ்வகை விளையாட்டுகள் பயன்படுத்தும் உத்தி, பதிவு செய்த ஆட்டம். ஒருவர் முன்பு விளையாடியபோது எந்தக் கேள்விக்கு எத்தனையாவது விநாடியில் எதைத் தொட்டார் என்பதைச் சேமித்துவைத்து, அதே கேள்விகளோடு இன்னொருவருக்கு எதிராக ஓடவிடுவார்கள். பட்டை அதே கணங்களில் உயரும். எதிரே இருப்பது ஓர் உண்மை மனிதரின் உண்மையான தடுமாற்றம். நேரம் மட்டும் வேறு. இது பதிவு என்று சொல்லிவிட்டுச் செய்தால் இதில் குறை ஒன்றும் இல்லை. கற்பனைப் பெயரும் படமும் ஒட்டிய நிரலை மனிதர் என்று காட்டுவதுதான் தவறு.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்த உத்திதான். படங்களை விட்டுவிட்டால், ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் சேர்ந்து 500 பைட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 2 லட்சம் கேள்விகள் வெறும் 100 மெகாபைட். ஓர் ஆட்டத்தின் பதிவு, 7 கேள்விகளின் எண்களும் 7 தேர்வுகளும் 7 நேரங்களும் மட்டுமே. நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். பெயர்களை நீக்கிவிட்டு ஒரு கோடி ஆட்டங்களைச் சேமித்தாலும் 1 ஜிகாபைட்தான். கூட்டமும் சர்வரும் இல்லாமலே, 2014இல் யாரோ ஒருவர் ஆடிய ஆட்டத்தோடு 2040இல் மோதலாம். சர்வர்களை நிறுத்தும்போது விளையாட்டுகளை முழுதாக அழிக்காதீர்கள் என்று 2024 முதல் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் சட்டம் கேட்டு வருகிறது. பெரிய விளையாட்டுகளுக்கு அது கடினம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. வினாடி வினா விளையாட்டைப் பொறுத்தவரை அந்தக் காரணம் செல்லாது. கேள்விக் கோப்பு, பதிவுக் கோப்பு, இரண்டையும் ஓடவிடும் ஒரு சிறு நிரல், கேள்விகளை எழுதியவர்களின் ஒப்புதல். மூடுவதற்கு முன் நிறுவனம் தயார்செய்ய வேண்டியது இந்த நான்கும்தான்.