கடல் வந்தால் படம் உடைவது ஏன்?

திருகோணமலைக் கோணேசர் கோவில் திருவிழாவை அம்மா இப்போதெல்லாம் வீட்டில் இருந்தே நேரலையில் பார்க்கிறார். முழங்கால் வலியோடு மலை ஏற முடியாது. போன முறை தேர் இழுக்கும்வரை படம் பளிச்சென்று இருந்தது. கமரா இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் திரும்பிக் கீழே கடலைக் காட்டியதும் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது.

“தம்பி, கடல் வரேக்க மட்டும் ஏன் இப்பிடிக் கட்டங்கட்டமாப் போகுது? ரிவி பழுதாப் போச்சோ?”

மென்பொருள் எழுதுவது என் தொழில். பழக்கத்தில் முதலில் றவுட்டரைத்தான் பார்த்தேன். அதில் பிழை இல்லை. அம்மா சொன்ன ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் விடை இருந்தது. இணையம் மெதுவாக இருந்தால் தேரும் அல்லவா உடைந்திருக்க வேண்டும்?

முழு எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் ஒரு படத்துக்கு 6.2 மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட். வினாடிக்கு 25 படங்களை அப்படியே அனுப்பினால் வினாடிக்கு 1,200 மெகாபிட்டைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டுக்கு வரும் நேரலையோ 5 மெகாபிட் அளவுதான். சுமார் 250இல் ஒரு பங்கு!

கொஞ்சம் நிறத்தில் மிச்சமாகிறது. வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கிற அளவு நுணுக்கமாக நம் கண் நிறத்தைப் பார்க்காது. அதனால் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் போதும். இதிலேயே பாதி குறைந்துவிடும்.

பெரிய சேமிப்பு வேறு இடத்தில். கோவிலுக்குப் போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் மரநிழலில் ஒரு புள்ளிமான் படுத்திருக்கிறது என்று வைப்போம். இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே காது மட்டும் அசைகிறது. அப்படியென்றால் மரத்தையும் மண்ணையும் ஏன் திரும்ப அனுப்ப வேண்டும்? ‘முன்பு இருந்தபடியே’ என்று ஒரு குறிப்பு போதும். தேர் நகர்ந்தாலும் சிக்கல் இல்லை. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ‘இந்தக் கட்டம் 12 புள்ளி இடப்பக்கம் போனது’ என்று சொல்லிவிடலாம். 2003இல் வந்த எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறை இதில் கெட்டிக்காரன்.

கடலிடம் இது எடுபடாது. அலை பாறையில் அடித்து நுரையாகிறது. அடுத்த கணம் அந்த நுரை இல்லை, வேறு நுரை. முந்தைய படத்தில் இருந்து எடுத்து வைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

அப்படிப் புதிதாகச் சொல்லும் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதும் அவருடைய மாணவர் டி. நடராஜனும் கே. ஆர். ராவும். 1974இல் வெளியிட்டார்கள். 8 × 8 கட்டத்தின் 64 புள்ளிகளையும் வேறு 64 எண்களாக மாற்றுவது அந்த முறை. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மற்றவை பெரிய ஏற்ற இறக்கத்தில் தொடங்கி மிக நுண்ணிய நெளிவுவரை. வெறும் வானத்துக்கு முதல் ஓரிரு எண்களே போதும், மீதியைப் பூச்சியமாக்கினாலும் யாருக்கும் தெரியாது. நுரைக்கு அநேகமாக எல்லா எண்ணும் வேண்டும். ஆனால் 5 மெகாபிட்டுக்குள் அடங்கியாக வேண்டுமே! வேறு வழியின்றிச் சுருக்கும் மென்பொருள் நுண்ணிய எண்களை வெட்டுகிறது. கட்டத்துக்கு ஒரு சராசரி நிறம் மட்டும் மிஞ்சுகிறது. அம்மா பார்த்த சதுரங்கள் அவைதான்.

சினிமாவில் கடல் அழகாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். அதை ஆற அமரச் சுருக்குகிறார்கள். அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்துக் கடலுக்குச் செலவழிக்கலாம். நேரலைக்கு அந்த அவகாசம் கிடையாது.

சோதித்தும் பார்த்தேன். மான் படுத்திருக்கும் காட்சியையும் இராவணன் வெட்டின் கீழே அலையடிப்பதையும் ஒரே நீளத்தில் எடுத்து, லப்டொப்பில் ஒரே தரத்தில் சுருக்கினேன். கடல் கோப்பு மான் கோப்பைவிடப் பல மடங்கு பெரிதாக வந்தது.

மாமா புது 4கே ரிவி வாங்குவோம் என்று நின்றார். வேண்டாம் என்றேன். ரிவி எவ்வளவு பெரிதானாலும் வந்து சேருவது அதே 5 மெகாபிட். சதுரங்கள்தான் இன்னும் பெரிதாகத் தெரியும். ரிவி பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட, வினாடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்பதே படத்தின் தரத்தைச் சொல்லும்.

இதையெல்லாம் அம்மாவிடம் மானையும் நுரையையும் வைத்துத்தான் விளக்கினேன். அடுத்த நேரலையில் கமரா மெல்லத் திரும்பத் தொடங்கியதுமே, கடல் தெரியும் முன்பே, அம்மா சொன்னார்: “நுரை வரப்போகுது, இனி உடையும் பார்.”