ஏ.எல். பாஸ் பண்ணிய பிள்ளை விண்ணப்பத்தில் தோற்கக் கூடாது

ஏ.எல். எனப்படும் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக எடுத்திருக்க வேண்டிய ஆகக்குறைந்த புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது வெளியாகும் வாரத்தில் என் போன் ஓயாது. கொழும்பில் தொழில் வழிகாட்டல் ஆலோசகராக 11 வருடங்களாக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவேன். அம்மாமார் வருவார்கள், பிள்ளைகள் வருவார்கள், சில நேரம் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை அப்பா ஒருவர், வேலை உடுப்போடு வந்து ஓரமாக நிற்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஒரு பிள்ளையை மறக்க முடியவில்லை. வர்த்தகப் பிரிவு. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி நல்லதுதான். ஆனாலும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவாகவில்லை. பெறுபேற்றுத் தாளையும் அந்த வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படிக்க அந்தப் புள்ளி தாராளமாகப் போதும். "விண்ணப்பத்தில் என்னென்ன போட்டீர்கள் மகள்?" என்று கேட்டேன். மூன்றே மூன்று தெரிவு. கொழும்பு முகாமைத்துவம், ஜயவர்தனபுர முகாமைத்துவம், கொழும்பு சட்டம்.

"வேற இடம் போட்டா கொழும்பு கிடைக்காதாம் மிஸ். ரியூஷன்ல சொன்னாங்க."

இந்த ஒரு வசனம் எத்தனை பிள்ளைகளின் இடத்தைப் பறித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் அதை என்னிடம் சொல்கிறார். அது முழுப் பொய். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகவே பார்க்கிறது. முதல் தெரிவுக்கு உங்கள் புள்ளி போதுமென்றால் அதுவே கிடைக்கும். போதாவிட்டால்தான் இரண்டாவதற்கு இறங்கும், அதுவும் போதாவிட்டால் மூன்றாவதற்கு. கீழே இருபது தெரிவு எழுதியிருந்தாலும் மேலே உள்ளதற்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆகவே ஆசைப்பட்டதை முதலில் எழுதுங்கள், வெட்கப்படாமல். அப்புறம் உங்களுக்குத் தகுதியுள்ள எல்லாவற்றையும், போய்ப் படிக்கச் சம்மதமான வரிசையில், ஒன்றும் விடாமல் எழுதுங்கள். படிக்கவே மாட்டேன் என்பதை மட்டும் எழுதாதீர்கள். ஒரு இடத்தில் பதிவு செய்துவிட்டால், அடுத்த வருடம் திரும்பப் பரீட்சை எழுதி வேறு இடம் கேட்கப் பொதுவாக முடியாது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதை அண்ணனோ அக்காவோ சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுவார்கள். அப்பா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்யும் பிள்ளைக்கு யார் சொல்வது? ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. ஆனால் அது மிகத் தடித்த புத்தகம். விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில வாரங்கள்தான். கைநூலின் மொழிநடை ஆசிரியர்களையே தடுமாற வைக்கும். பதின்மூன்று வருடம் படித்துப் பரீட்சையில் ஜெயித்த பிள்ளையை அந்தச் சில வாரங்கள் வீழ்த்துவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இங்கே கொழும்பின் தனிப் பிரச்சினை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பங்கிடப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. நுவரெலியா, பதுளை, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு எல்லாம் அதில் உண்டு. கொழும்பு இல்லை. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் இருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது.

ஆனால் மாவட்டம் என்ற கண்ணாடிக்குக் கொழும்பின் ஏழை தெரிவதில்லை. கொழும்பில் 'தோட்டம்' என்றால் தேயிலை அல்ல. ஒரு குழாயடியையும் ஒரு கழிவறை வரிசையையும் பல குடும்பங்கள் பகிரும் ஒடுங்கிய சந்து. மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ அப்படியொரு சந்தில், தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு கட்டிலுக்கடியில் இருந்து புத்தகம் எடுத்துப் படிக்கும் பிள்ளை, கொழும்பு 7இல் தனியறையும் தனி ஆசிரியரும் உள்ள பிள்ளையோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிடுகிறது. வெட்டுப்புள்ளி நாட்டிலேயே மிக உயர்ந்த மாவட்டங்களில் கொழும்பும் ஒன்று.

பாடசாலையையும் பாருங்கள். நாட்டில் 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் அவற்றில் ஏறத்தாழ ஆயிரம்தான். வட கொழும்பின் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கலை, வர்த்தகம் மட்டும் உள்ள பாடசாலையில் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளை கலையைத் தெரிவு செய்தது என்று எழுதிக்கொள்கிறோம். பாடசாலையில் இருந்ததை எடுத்தது என்பதே உண்மை.

மலையகத்தில் இருந்து கொழும்பில் மாமா வீட்டுக்கு அனுப்பி உயர்தரம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எந்த மாவட்டக் கணக்கில் வருவீர்கள் என்பதைப் பரீட்சைக்கு முந்தைய வருடங்களில் படித்த பாடசாலையே தீர்மானிக்கிறது. பிறந்த ஊர் அல்ல. பாடசாலை மாற்றுவதற்கு முன் கைநூலில் அந்தப் பகுதியை ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

சரி, விண்ணப்பத்துக்கே திரும்பி வருகிறேன். இப்போது எல்லாம் ஒன்லைன். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை கொமினிகேஷன் கடைக்குப் போகிறது. கடைக்காரத் தம்பி நல்லவர்தான், அவசரத்தில் தன் மின்னஞ்சலையே போட்டு நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல் அவரிடம். பிறகு ஏதாவது திருத்தம் கேட்டு வரும் செய்தியும் அவருடைய பெட்டிக்குள் போய் விழுகிறது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் நடந்தது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்தால் வேறுபட்டிருந்தன. அதை விளக்கச் சொல்லிக் கேட்ட செய்தி யாருடைய கண்ணிலும் படவில்லை. இறுதித் திகதி போன பிறகே நாங்கள் கண்டுபிடித்தோம். அந்த வருடம் அப்படியே போய்விட்டது. அதனால் இப்போது என் மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொந்த மின்னஞ்சல் திறந்து கொடுக்கிறேன். கடவுச்சொல்லைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுத வைக்கிறேன். பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை ஏ.எல். எழுதுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். திருத்துவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

இடம் கிடைத்த பிறகும் கதவு பாதிதான் திறந்திருக்கும். "ஒலுவில்லயா? பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது மிஸ்?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். தனியாக உழைத்து மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர் அவர். நான் வாதாடவில்லை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே மகளைப் படிக்க விட்டிருக்கும் வேறோர் அம்மாவைக் கூட்டி வந்து இருவரையும் பேச விட்டேன். விடுதி எப்படி, எந்த பஸ், இரவில் யார் பார்ப்பார்கள், மாதம் எவ்வளவு செலவாகும் என்று ஒரு மணித்தியாலம் பேசினார்கள். மகள் போனாள். இதை எந்த அலுவலகமும் செய்து தராது. நாம்தான் செய்ய வேண்டும்.

பணம் பற்றியும் பேசத்தான் வேண்டும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் புண்ணியத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, பஸ், போட்டோப் பிரதி, ஒரு பழைய லெப்டொப் எல்லாம் கைக்காசு. பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல உதவித்தொகையை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயில் இருந்து 7,500க்கு உயர்த்தினார்கள். நல்லது. என்றாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். குடும்பங்கள் உடைவது அந்த முதல் மாதங்களில்தான். பிள்ளை "வேலைக்குப் போறேன்" என்று திரும்பி வந்துவிடுகிறது. ஊரில் உதவ நினைக்கும் கோயில் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பகுதியை அந்த முதல் ஆறு மாதங்களுக்கு ஒதுக்கட்டும். வருமான உறுதிப்படுத்தலுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டியிருக்கும். முகவரிப் பதிவில் சிக்கல் உள்ள தோட்டக் குடும்பங்கள் அதை முன்கூட்டியே பேசித் தீர்த்து வையுங்கள்.

தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. மற்றவர்களுக்கு நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் உண்டு, 1980இல் தொடங்கியது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கிளை மட்டக்குளியிலேயே இருக்கிறது. முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவை இலவசமாகப் படிக்கலாம். அந்த மதிலைத் தாண்டித் தினமும் நடக்கும் பிள்ளைகளே அது என்ன இடம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று தெரிவு மட்டும் எழுதிய அந்தப் பிள்ளை புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று தடவை பரீட்சை எழுதலாம் என்பதை விளக்கி, முதலாளியிடம் நானே பேசி, அரை நாள் வேலையாக்கி, இரண்டாம் தடவை எழுத வைத்தோம். இந்த முறை அவருடைய பட்டியலில் 14 தெரிவுகள் இருந்தன. ஒன்பதாவது கிடைத்தது. இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு உட்கார்ந்து, வரும் பிள்ளைகளிடம் முதல் கேள்வியாக அவர்தான் கேட்கிறார்: "எத்தனை தெரிவு போட்டிருக்கீங்க தங்கச்சி?"