கோடை சென்ட்டும் கழுத்துக் கருமையும்

ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வருபவர்களில் சிலருக்குக் கழுத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். காதுக்குக் கீழே தொடங்கி, ஏதோ வழிந்த தடமாக இறங்கி, சொட்டு நின்ற இடத்தில் உருண்டு முடியும். "அழுக்குன்னு நினைச்சு நார் போட்டுத் தேய்ச்சேன் டாக்டர், போகவே மாட்டேங்குது" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "என்ன சென்ட் போடுறீங்க, எங்கே அடிக்கிறீங்க?"

கோடைக்கென்று வரும் சென்ட்களில் எலுமிச்சை, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்) வாசனை முதலில் தூக்கும். அப்புறம் மல்லிகையும் சம்பங்கியும் வரும். இந்தக் கோட்டுக்கு மல்லிகை மேல் பழி போட வேண்டாம். பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்கள்தான் காரணம். முக்கியமாக இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட். அதில் பெர்காப்டென் என்ற சோராலென் வகைப் பொருள் உண்டு. அது தோலில் ஊறியிருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால், செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்து அதைச் சேதப்படுத்தும். இரண்டு மூன்று நாளில் சிவந்து எரியும், கொப்புளம்கூட வரலாம். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கறுத்த பிறகுதான் கவனிப்போம். 1916லேயே கொலோன் பூசியவர்களிடம் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். வெண்புள்ளிக்கு சோராலென் கொடுத்து ஒளி காட்டுவதும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. நாட்டு மருந்தான கார்போகரிசியில் இருப்பதும் சோராலென்தான்.

தோலில் தங்கி வெயில் படும் பொருட்களில் சாதாரண பெர்கமோட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வாசனைப் பொருள் சங்கத்தின் வரம்பு. பெர்காப்டெனை நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது. ஆகவே எனக்குக் கவலை, லேபிள் இல்லாத அத்தர் பாட்டில்களும், எண்ணெய் வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்வதும்தான். "இது இயற்கையானது, கெமிக்கல் இல்லை" என்ற பேச்சை நம்பாதீர்கள். இங்கே தோலைக் கறுக்கவைப்பதே இயற்கையான எண்ணெய்தான்.

இன்னொரு வேதனை, கறுப்பைப் போக்க எலுமிச்சை மூடியைத் தேய்ப்பது. அந்தத் தோலிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. தேய்த்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனால் கறை இன்னும் கறுக்கும். தயவுசெய்து வேண்டாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் கிரீமும் வேண்டாம்.

சென்ட்டைச் சட்டையிலோ துப்பட்டாவிலோ அடியுங்கள். பட்டுக்கும் வெள்ளைத் துணிக்கும் மட்டும் ஓரத்தில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில்தான் போட வேண்டுமென்றால் துணி மூடும் இடத்தில், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெயிலில் காரிலேயே கிடந்த பாட்டிலைத் தூக்கிப் போடலாம். எலுமிச்சை வாசனையைத் தரும் லிமோனீன் காற்றும் சூடும் பட்டு மாறினால் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வந்த கறை, சென்ட்டை நிறுத்தி சன்ஸ்கிரீன் போட்டு வந்தால் மெல்ல மங்கும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அரிப்பு இருந்தாலோ, சென்ட் படாத முகத்திலும் கருமை பரவினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதில் மல்லிகைக்கும் பங்கிருக்கக்கூடும். சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால்தான் தெரியும். வரும்போது அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள்.