அதிர்வெண்ணை எண்ணும் முன் காயிலைப் பாருங்கள்: மெட்டல் டிடெக்டர் வாங்குபவர்களுக்கு

மண்ணில் தொலைந்த மோதிரம், சங்கிலி, சாவிக்கொத்து, புல் மூடிப்போன எல்லை முளை, மேலே மண் போட்டு மறைந்துவிட்ட வால்வு மூடி, இவற்றைத் தேடிக் கொடுப்பது என் தொழில். அதனால் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பது வழக்கம். கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: "இதில் மூன்று ஃப்ரீக்வென்சி இருக்கிறது, அதில் ஐந்து இருக்கிறது. ஐந்து இருப்பதையே வாங்கிவிடலாமா?"

கூடுதலாக இரண்டு அதிர்வெண்ணா (அதாவது ஃப்ரீக்வென்சியா), கூடுதலாக ஒரு காயிலா (தண்டின் அடியில் மாட்டி மண்மேல் வீசும், கம்பிச் சுருள்கள் அடங்கிய தட்டு) என்று பணம் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் காயிலை எடுப்பதுதான் நல்லது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது கிலோஹெர்ட்ஸ் எண்கள்தானே!

முதலில் அந்த எண்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். காயில் ஓயாமல் மாறும் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை மாறுகிறது என்பதுதான் அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண். எதிரில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தானும் ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். காயிலுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்கள், தடித்த வெள்ளிக் காசு, செம்புத் துண்டு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள்களுக்குப் பொருந்தும். 20, 40 என்று மேலே போகப் போக மெல்லிய தங்கம், பொடி நகை, சிறு துணுக்குகள் தெளிவாகத் தெரியும். 10 முதல் 15 வரை இருப்பது இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஓடக்கூடியது.

மெல்லிய தங்கச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் ஒரே பொருள். டிடெக்டருக்கு அப்படி இல்லை. வளையத்துக்கு வளையம் தொடர்பு சரியாக இல்லாததால் மின்னோட்டம் சங்கிலி முழுக்க ஓடாது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனித் துணுக்காகத்தான் பதில் சொல்லும். தாழ்ந்த அதிர்வெண்ணில் சங்கிலி அநேகமாகக் காணாமலே போய்விடும். உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றினால், கொக்கி இருக்கும் இடத்தில் ஒரு சன்னமான ஒலி கேட்கும். நாங்கள் சங்கிலி தேடும்போது உண்மையில் கொக்கியைத்தான் தேடுகிறோம். அதிர்வெண்ணை மாற்றும் வசதி தன் விலைக்கு உழைக்கும் இடம் இது. ஆனால் அதே உயர்ந்த அதிர்வெண் ஃபாயில் துணுக்குகளையும் விடாமல் சொல்லும். இரும்புத் தாது கலந்த மண்ணின் சத்தமும் சேர்ந்து ஏறும்.

அப்புறம், "அதிர்வெண் மாற்றலாம்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. விளம்பரம் படிக்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்.

சில மலிவான கருவிகளில் இருப்பது வெறும் நகர்த்தல். பக்கத்தில் மின்கம்பியோ இன்னொரு டிடெக்டரோ இருந்து இரைச்சல் வந்தால், இயங்கும் அதிர்வெண்ணைக் கொஞ்சம் தள்ளிவைக்க உதவும் பொத்தான் அது. பயனுள்ளதுதான், ஆனால் உலோகத்தைப் பார்க்கும் விதம் இதனால் மாறாது. இரண்டாவது வகையில் காயிலை மாற்றினால்தான் அதிர்வெண் மாறும். மைன்லேப் நிறுவனத்தின் பழைய எக்ஸ்-டெர்ரா 705 அப்படிப்பட்டது. 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில். மூன்றாவது, ஒரே காயிலில் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்வது. நோக்டா இம்பாக்ட்டில் 5, 14, 20. எக்ஸ்பி டியூஸ் முதலில் வந்தபோது 4, 8, 12, 18. எப்போதும் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்தான் ஓடும். நான்காவதுதான் ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, வரும் பதில்களை ஒப்பிடுவது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் இந்த வகை. வேண்டுமானால் ஒற்றை அதிர்வெண்ணுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது வகையின் மதிப்பு ஈரமான கடற்கரை மணலில் தெரியும். உப்புநீர் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், மெல்லிய உலோகம்போல நடித்துக் கருவியை ஏமாற்றும். மணலில் இரும்புத் தாது கலந்திருந்தால் அதன் குரல் வேறு. ஒற்றை அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றைச் சமாளித்தால் மற்றது தலைதூக்கும். பல அதிர்வெண்களின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் பெருமளவு கழித்துவிடலாம். உங்கள் தேடல் அதிகம் கடலோரத்தில் என்றால் இதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. காய்ந்த, தாது குறைந்த தோட்ட மண்ணில் மட்டும் தேடுகிறவருக்கு, சரியாகத் தேர்ந்தெடுத்த ஒற்றை அதிர்வெண்ணே தாராளமாகப் போதும்.

சரி, காயிலுக்கு வருவோம்.

இடித்த வீட்டு மனை ஒன்றில் மோதிரம் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். மண் முழுக்க ஆணி. 11 அங்குலக் காயில் கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் அகலம். அதன் கீழே ஒரே நேரத்தில் மோதிரமும் மூன்று ஆணிகளும் வந்துவிடும். பதில்கள் கலந்து, இரும்பு என்று முடிவுசெய்து கருவி அடங்கிவிடும். அதே கருவியில் 6 அங்குலக் காயிலை மாட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி தேடிப் பாருங்கள். ஆணி ஒரு கரகரப்பு, உள்ளங்கை அகலம் தள்ளி மோதிரத்தின் சுத்தமான ஒலி, மறுபடியும் ஆணி என்று பிரிந்து கேட்கும். இந்த வேலையை எத்தனை அதிர்வெண் மாற்றினாலும் பெரிய காயில் செய்து தராது.

பெரிய காயிலுக்கும் இடம் உண்டு. திறந்த வெளியில், குப்பை குறைந்த மண்ணில், பெரிய பொருளை ஆழத்தில் தேடும்போதும், குறைந்த நேரத்தில் அதிகப் பரப்பை முடிக்க வேண்டியபோதும் அதுதான் வேண்டும். ஆனால் "காயில் இரண்டு மடங்கு, ஆழமும் இரண்டு மடங்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகும் புலமும் திரும்பி வரும் புலமும் தூரத்தோடு வேகமாகத் தேய்கின்றன. காயிலின் அளவைவிடத் தள்ளி ஆழத்தில் கிடக்கும் சின்னப் பொருளுக்கு, ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். கையில் பிடிக்கும் கருவி எதுவாக இருந்தாலும் ஒற்றைக் காசு சில மீட்டர் ஆழத்தில் தெரியும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வடிவத்தையும் கேளுங்கள். டபுள்-டி காயிலில் அனுப்பும் சுருளும் வாங்கும் சுருளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். புலம் கத்திபோல நீளவாக்கில் இறங்குவதால் தாது மண்ணில் நிதானமாக இருக்கும், அருகருகே கிடப்பதைப் பிரித்துக் காட்டும். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருக்கும் கான்சென்ட்ரிக் காயில், தாது குறைந்த மண்ணில் சரியான இடத்தைக் குறிப்பதற்கு அருமையானது. தாது மண்ணில் அது தடுமாறும்.

"காயில் மாற்றலாம்" என்பதற்கும் அடிக்குறிப்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் காயில் இன்னொன்றில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் வேறுபடும். பிளக் ஒன்றாக இருப்பதால் மட்டும் வேலை செய்துவிடாது, உள்ளே இருக்கும் சிப்பைக் கருவி அடையாளம் காண வேண்டிய மாடல்களும் உண்டு. டியூஸ் போன்ற கம்பியில்லா வகையில் பேட்டரியும் மின்னணுச் சுற்றும் காயிலுக்குள்ளேயே இருப்பதால், இரண்டாவது காயிலின் விலை உங்களைத் திகைக்க வைக்கலாம். கருவி வாங்கும் நாளிலேயே அதற்கு என்னென்ன காயில் கிடைக்கிறது, என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது கடை மேசையில் காசைக் காற்றில் ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். காற்றில் மண் இல்லை, தாது இல்லை, ஆணி இல்லை. முடிந்தால் நீங்கள் தேடப்போகும் மண்ணுக்கே கொண்டு போங்கள். தோண்டாத ஒரு சிக்னலைக் கண்டுபிடித்து, அதன்மேலேயே ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு காயிலிலும் வீசிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சுத்தமான மண்மேல் காயிலை ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தைக் கருவி கழித்துக்கொள்ளும்படி சரிசெய்வதை, புதிதாகச் செய்யுங்கள். இதை விட்டுவிட்டு "18 மோசம், 8 நல்லது" என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். சில கருவிகளில் அதிர்வெண் மாறினால் என்ன பொருள் என்று ஊகிக்கத் திரையில் காட்டும் எண்ணும் மாறும். அதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி, நான் மிகவும் வருந்தும் ஒரு விஷயம். "தங்கத்தின் அதிர்வெண்ணுக்குச் செட் செய்யலாம், கிலோமீட்டர் தூரத்திலிருந்தே திசை காட்டும்" என்று சொல்லி விற்கிறார்கள். தங்கத்துக்கென்று தனி அதிர்வெண் எதுவும் கிடையாது. பருமன், வடிவம், கலப்பு, கிடக்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் சிக்னல். மெல்லிய மோதிரமும் பானக் கேனின் இழுப்பு வளையமும் ஒரே எண்ணைக் காட்டுவது சாதாரணம். பிடியில் ஒரு ஆன்டெனா மட்டும் ஆடும் இந்த ரகக் கருவிகளின் மோசடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஏடிஇ 651 சாட்சி. வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்கின் சோதனைச் சாவடிகளுக்கு விற்கப்பட்டது. உள்ளே வேலை செய்யும் எதுவும் இல்லை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காயிலே இல்லாத கருவியை யார் காட்டினாலும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் காயிலின் உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே சேரும் ஈர மணல் பொய்ச் சத்தம் தரும், விரிசலையும் மறைக்கும். பிளக்கில் பச்சைப் பூச்சு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கருவியை ஓடவிட்டு, காயிலுக்குள் கேபிள் நுழையும் இடத்தை மெல்ல அசையுங்கள். அப்போது சத்தம் வந்தால் அந்தக் காயிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.